உலகில் சாமி கும்பிடுகிறவர்கள் கூடுகிறார்களா, குறைகிறார்களா?

கிழக்கு லண்டனில் பிரிக் லேன் என்றொரு தெரு. அதன் மூலையில் நிற்கும் பழைய செங்கல் கட்டடத்தை 1743இல் கட்டியவர்கள், பிரான்சில் மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த புராட்டஸ்டன்ட் கிறித்தவர்கள். 1819இல் அது மெதடிஸ்ட் சபையின் கைக்குப் போனது. 1898இல் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் அதைத் தங்கள் ஜெப ஆலயமாக்கிக்கொண்டார்கள். 1976இலிருந்து அது பள்ளிவாசல். வங்கதேசத்திலிருந்து குடியேறிய குடும்பங்கள் அங்கே தொழுகின்றன.

"மதமெல்லாம் அழிந்துகொண்டிருக்கிறது" என்று வாதிடுபவர் இந்தக் கட்டடத்தைக் காட்டலாம்: தேவாலயம் காலியாகிவிட்டது பாருங்கள். "மதம் எங்கே அழிகிறது?" என்று கேட்பவரும் இதையே காட்டலாம்: 280 ஆண்டுகளில் ஆட்கள் மாறினார்கள், கும்பிடுவது நிற்கவில்லை. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் தங்களைக் கிறித்தவர் என்று சொன்னவர்கள் 46.2 சதவீதம். பத்து ஆண்டுகளுக்கு முன் அது 59.3 சதவீதம். கிறித்தவர்கள் பாதிக்கும் கீழே இறங்கியது அந்தக் கணக்கெடுப்பில் அதுவே முதல் தடவை. அதே சமயம் தெற்கு லண்டனின் சதர்க் பகுதியை மட்டும் 2013இல் ஒரு பல்கலைக்கழகக் குழு தெருத்தெருவாக ஆராய்ந்தபோது, ஆப்பிரிக்க, கரீபியக் கறுப்பின மக்களின் சபைகள் 240 தேறின. கிடங்கு, பட்டறை, மாடியறை என்று கிடைத்த இடத்திலெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. மேற்கு ஈலிங்கில் ஈழத் தமிழர்கள் எழுப்பிய கனகதுர்க்கை அம்மன் கோயில் இருப்பதும் ஒரு பழைய கிறித்தவ வழிபாட்டுக் கட்டடத்தில்தான்.

ஒரே ஊருக்குள்ளேயே இப்படி என்றால் உலகம் முழுவதற்கும் ஒரே பதில் சொல்வது எப்படி? சொல்ல முடியும். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் போட வேண்டும்.

மதம் தானாகவே தேய்ந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு ஐரோப்பியச் சிந்தனையாளர்களிடம் நீண்ட காலம் இருந்தது. கோம்ட், மார்க்ஸ், வேபர், ஃபிராய்ட் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அறிவியல் வளர்ந்தால், வறுமை ஒழிந்தால், ஆலைகளும் அலுவலகங்களும் வந்தால் கடவுளுக்கு வேலை இருக்காது என்பது பொதுவான நினைப்பு. 1968இல் அமெரிக்கச் சமூகவியலாளர் பீட்டர் பெர்கர், 21ஆம் நூற்றாண்டு வரும்போது மத நம்பிக்கையாளர்கள் சிறுசிறு குழுக்களாக ஒதுங்கி ஒட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் கணித்தார். அவர் நாத்திகர் இல்லை, லூத்தரன் கிறித்தவர். கணிப்பு வெளிவந்து பதினொரு ஆண்டுதான் ஆகியிருந்தது, 1979இல் ஈரானில் மதகுருமார்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். அதே ஆண்டு கம்யூனிஸ்ட் போலந்துக்குப் போன போப் இரண்டாம் ஜான் பாலைப் பார்க்க லட்சக்கணக்கில் மக்கள் திரண்டார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் வலதுசாரிக் கிறித்தவர்கள் அரசியல் அமைப்பாகத் திரண்டார்கள். 1999இல் பெர்கர் நேர்மாறாக எழுதினார்: மேற்கு ஐரோப்பாவையும், உலகெங்கும் மேற்கத்தியப் படிப்புப் படித்த ஒரு மெல்லிய அடுக்கையும் தவிர்த்துப் பார்த்தால், உலகம் எப்போதும் போல மத வேகத்துடன்தான் இருக்கிறது என்றார். தன் துறையின் அடிப்படைக் கொள்கையையே ஒருவர் வெளிப்படையாகத் திரும்பப் பெறுவது அபூர்வம்.

வேடிக்கை என்னவென்றால், பெர்கர் மனம் மாறிய பிறகுதான் பல நாடுகளில் எண்கள் அவருடைய முதல் கணிப்பின் பக்கம் சாய ஆரம்பித்தன. அதற்கு வருவோம்.

முதலில் ஒன்று. "மதச்சார்பற்றதாக ஆகிறதா" என்று கேட்கும்போது நாம் மூன்று விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறோம். இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் ஹொசே கசனோவா என்ற சமூகவியலாளர், ஆண்டு 1994. ஒன்று, அரசும் சட்டமும் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் மத நிறுவனங்களின் பிடியிலிருந்து விடுபடுவது. இரண்டு, மக்களின் நம்பிக்கையும் வழிபாடும் குறைவது. மூன்று, மதம் பொதுவெளியை விட்டு விலகி வீட்டுக்குள், பூஜையறைக்குள் ஒடுங்குவது. இந்த மூன்றும் சேர்ந்தே நடக்கும் என்று பழைய ஆட்கள் நம்பினார்கள். நடக்கவில்லை.

இங்கிலாந்தைப் பாருங்கள். அரசர்தான் திருச்சபையின் தலைவர். நாடாளுமன்ற மேலவையில் 26 பிஷப்புகளுக்கு இருக்கை உண்டு. சட்டப்படி பார்த்தால் மத அரசு. தெருவில் இறங்கிப் பார்த்தால் தேவாலயத்துக்குப் போக ஆளில்லை. அமெரிக்காவில் 1791லேயே அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்று அரசியல் சட்டத்தைத் திருத்தி எழுதிவிட்டார்கள். ஆனாலும் பணக்கார நாடுகளிலேயே பக்தி அதிகமான நாடுகளில் ஒன்றாக அது நீடித்தது. இந்தியாவிலும் அரசியல் சட்டத்தின் முகப்புரையில் 'மதச்சார்பற்ற' என்ற சொல் 1976இல் ஏறியது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019-20இல் ஏறக்குறைய 30,000 இந்தியர்களிடம் கேட்டபோது கடவுள் உண்டு என்றவர்கள் 97 சதவீதம்.

அரசும் சமூகமும் ஒரே திசையில் போன நாடும் உண்டு. தென் அமெரிக்காவின் உருகுவே 1919இலேயே கிறிஸ்துமஸை அரசுக் காலண்டரில் 'குடும்ப நாள்' ஆக்கிவிட்டது. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்துக்கு அங்கே அரசு வைத்த பெயர் 'சுற்றுலா வாரம்'. இன்று அமெரிக்கக் கண்டங்கள் இரண்டிலும் சேர்த்து, எந்த மதத்தையும் சாராதவர்கள் பாதிக்கு மேல் இருக்கும் ஒரே நாடு அதுதான்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தப் பிரிவினை எளிதாகவே புரியும். 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணா அரசு, புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டப்படி செல்லுபடியாக்கியது. கடவுள் மறுப்புப் பேசிய இயக்கத்தின் வழிவந்த கட்சிகள் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆண்டிருக்கின்றன. அந்தக் காலத்துக்குள்ளேதான் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களும் திருவண்ணாமலையில் பௌர்ணமிக் கிரிவலம் போகிறவர்களும் பல மடங்கு பெருகினார்கள். பெரியார் தோற்றுவிட்டார் என்று இதை வைத்துச் சொல்பவர்கள் அவசரப்படுகிறார்கள். கல்யாணத்தை யார் நடத்தி வைப்பது, கோயில் நிர்வாகத்தை யார் பார்ப்பது என்பது ஒரு கணக்கு. பழனிக்குப் பாதயாத்திரை போவது வேறு கணக்கு. மேற்சொன்ன பியூ ஆய்வில், மதம் தன் வாழ்வில் மிக முக்கியம் என்றவர்கள் மத்திய இந்தியாவில் 92 சதவீதம், தென்னிந்தியாவில் 69. தெற்கு கொஞ்சம் தணிந்துதான் இருக்கிறது, கூட்டத்தைப் பார்த்தால் அப்படித் தெரியாவிட்டாலும்.

சரி, அரசை விட்டுவிடுவோம். ஆட்களை எண்ணுவோம். இங்கேதான் பெரிய தலைவலி.

அமெரிக்கர்களிடம் "போன வாரம் தேவாலயத்துக்குப் போனீர்களா?" என்று கருத்துக்கணிப்பாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டு வந்தார்கள். ஏறக்குறைய 40 சதவீதம் பேர் "போனோம்" என்பார்கள். எண் அசையவே இல்லை. சில ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் வந்தது. ஒஹையோ மாநிலத்தின் அஷ்டபுலா என்ற மாவட்டத்தை எடுத்துக்கொண்டு, அங்கே இருக்கும் தேவாலயங்களையெல்லாம் தேடிப் பட்டியலிட்டார்கள். தொலைபேசிப் புத்தகத்தில் இல்லாத சின்னச் சின்ன சபைகளைக் கண்டுபிடிக்கக் கிராமத்துச் சாலைகளில் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்த் தேடினார்கள். சபைகளிடம் வருகைக் கணக்கு கேட்டார்கள். கணக்குக் கிடைக்காத இடத்தில் ஞாயிற்றுக்கிழமை வாசலில் நிற்கும் கார்களை எண்ணினார்கள். 1993இல் முடிவு வெளிவந்தது: உண்மையில் போகிறவர்கள், போவதாகச் சொல்கிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான். மற்றவர்கள் பொய்யர்கள் என்று சொல்ல முடியாது. 'நான் தேவாலயத்துக்குப் போகிற ஆள்' என்று தன்னை நினைத்துக்கொள்கிறவர், போன வாரம் போகாவிட்டாலும் போனேன் என்றே பதில் சொல்கிறார். கேள்வி நடத்தையைப் பற்றியது, பதில் அடையாளத்தைப் பற்றியது.

ஜப்பானில் இன்னொரு கூத்து. அங்கே அரசின் பண்பாட்டுத் துறை மத நிறுவனங்களிடம் "உங்களுக்கு எத்தனை பக்தர்கள்?" என்று கேட்டுத் தொகுக்கிறது. ஷின்டோ ஆலயங்கள் தங்கள் வட்டாரத்து மக்கள் எல்லோரையும் எழுதிக் கொடுக்கும். புத்த மடங்கள் தங்கள் வசம் கல்லறை வைத்திருக்கும் குடும்பங்கள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கும். கூட்டிப் பார்த்தால் பல ஆண்டுகள் 18 கோடியை ஒட்டி வந்தது. நாட்டின் மக்கள்தொகை சுமார் 12.5 கோடி! அதே ஜப்பானியரைத் தனியாகக் கூப்பிட்டு "உங்கள் மதம் என்ன?" என்று கேட்டால் பாதிக்கு மேற்பட்டோர் "ஒன்றுமில்லை" என்பார்கள். அப்படிச் சொன்னவர்களில் பலர் புத்தாண்டுக்கு ஆலயத்துக்குப் போவார்கள். டோக்கியோவின் மெய்ஜி ஆலயத்துக்கு மட்டும் புத்தாண்டின் முதல் மூன்று நாளில் 30 லட்சம் பேர் அளவுக்கு வருகிறார்கள்.

ஜெர்மனியில் இது அலுவலகக் காரியம். சபையில் பதிவான உறுப்பினர் என்றால் உங்கள் வருமான வரித் தொகையின் மேல் 8 அல்லது 9 சதவீதம் தேவாலய வரியாகச் சேர்த்துப் பிடிப்பார்கள். வேண்டாம் என்றால் நீதிமன்றத்துக்கோ பதிவு அலுவலகத்துக்கோ நேரில் போய், பல மாநிலங்களில் கட்டணமும் கட்டி, விலகுகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 2022இல் கத்தோலிக்கச் சபையிலிருந்து மட்டும் அப்படி 5.2 லட்சம் பேர் விலகினார்கள். இந்த எண்ணில் எவ்வளவு நாத்திகம், எவ்வளவு வரிச் சுமை, சபைமேல் எவ்வளவு கோபம் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய குழப்பம் சீனா. பியூ மையம் 2015இல் ஒரு உலகக் கணக்கு வெளியிட்டது. 2010ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் எந்த மதத்தையும் சாராதவர்கள் 16.4 சதவீதம் என்றது. அதே மையம் 2025இல் புதிய கணக்கு வெளியிட்டது. அதில் அதே 2010ஆம் ஆண்டுக்கான எண் 23.3 சதவீதம்! நடந்து முடிந்த ஓராண்டு, எண்ணியது ஒரே நிறுவனம். இடையில் கோடிக்கணக்கானவர்கள் கட்சி மாறிவிட்டார்கள். காரணம் சீனாவை எண்ணும் முறையை மாற்றியதுதான். பழைய கணக்கில் நாட்டார் வழிபாட்டுக்காரர்கள், புத்தரைக் கும்பிடுபவர்கள் என்றெல்லாம் கணிசமானவர்களைச் சேர்த்திருந்தார்கள். புதிய கணக்கில் "நான் இன்ன மதம்" என்று வாயால் சொல்கிறவர்களை மட்டுமே எடுத்தார்கள். அப்படிச் சொல்கிறவர் சீனாவில் பத்தில் ஒருவர்தான். ஆனால் அங்கே நான்கில் மூன்று பேர் ஆண்டுக்கொரு முறையாவது மூதாதையர் கல்லறைக்குப் போகிறார்கள். அங்கே ஊதுபத்தி ஏற்றுவதும் காகிதப் பணம் எரித்துப் படையல் வைப்பதும் வழக்கம். நம்மூரில் இதைச் செய்பவரை யாரும் மதமற்றவர் என்று எழுதிக்கொள்ள மாட்டார்கள். ஆக, உலகம் மதத்தை விட்டு விலகுகிறதா என்ற கேள்விக்கான பதிலில் ஒரு பெரிய பங்கு, ஒரே ஒரு நாட்டில் பேனாவை எந்தக் கட்டத்தில் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உலக எண்களைப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும், உங்களுக்கும் வரட்டும்.

இத்தனை ஓட்டை இருந்தாலும் திசையைக் கண்டுபிடிக்க முடியும். ஒரே அளவுகோலைப் பத்து ஆண்டு இடைவெளியில் வைத்துப் பார்த்தால் போதும். 2025 கணக்கின்படி 2010க்கும் 2020க்கும் இடையே உலகில் கிறித்தவர்களின் பங்கு 30.6இலிருந்து 28.8 சதவீதமாக இறங்கியது. முஸ்லிம்களின் பங்கு 23.8இலிருந்து 25.6 ஆக ஏறியது. இந்துக்கள் ஏறக்குறைய அப்படியே 15 சதவீதத்தை ஒட்டி நின்றார்கள். எந்த மதத்தையும் சாராதவர்கள் 23.3இலிருந்து 24.2 ஆக, 190 கோடி பேராக உயர்ந்தார்கள். ஏதோ ஒரு மதத்தைச் சொல்பவர்கள் இன்னமும் நான்கில் மூன்று பேர்.

பத்து ஆண்டில் ஒரு சதவீதம்கூட முழுதாக நகரவில்லையே, இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். அந்தச் சின்ன எண்ணுக்குள் இரண்டு பெரிய நீரோட்டங்கள் எதிரெதிராக மோதிக்கொண்டிருக்கின்றன. ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாய் திறந்திருக்கிறது, அடியில் ஓட்டை இருக்கிறது. மட்டம் மாறாமல் நிற்பதை வைத்துக்கொண்டு உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. குழாய் என்பது பிறப்பு. ஓட்டை என்பது விலகல்.

பிறப்பை எடுத்துக்கொள்வோம். 2015-20 காலத்தில் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரியாக 2.9 குழந்தை, கிறித்தவப் பெண்ணுக்கு 2.6, மதம் சாராத பெண்ணுக்கு 1.6. இதற்கு வேதத்தைவிட ஊர்தான் பெரிய காரணம். மதம் சாராதவர்கள் பெரும்பாலும் சீனா, ஜப்பான், ஐரோப்பா போன்ற, குழந்தை குறைந்த, வயதானவர்கள் நிறைந்த நாடுகளில் வாழ்கிறார்கள். தென் கொரியாவில் 2015 கணக்கெடுப்பில் மதமில்லை என்றவர்கள் 56 சதவீதம். பத்து ஆண்டுக்கு முன் 47. அந்த நாட்டில் 2023இல் ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தை. மறுபக்கம் நைஜர் போன்ற ஆப்பிரிக்க நாட்டில் இன்னும் ஆறு குழந்தையை ஒட்டி இருக்கிறது; அங்கே ஏறக்குறைய எல்லோரும் முஸ்லிம்கள். சஹாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் மக்கள்தொகை பெருகப் பெருகக் கிறித்தவத்தின் முகமும் மாறிவிட்டது. 1910 வாக்கில் உலகக் கிறித்தவர்களில் மூன்றில் இரண்டு பேர் ஐரோப்பாவில் இருந்தார்கள். 2020இல் ஐரோப்பாவின் பங்கு 22 சதவீதம். சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவின் பங்கு 31.

இந்தப் பிறப்புக் கணக்கை வைத்துத்தான் 2015 அறிக்கை, மதம் சாராதவர்களின் பங்கு 2050க்குள் 16இலிருந்து 13 சதவீதமாகக் குறையும் என்று சொன்னது. "எதிர்காலம் மதத்துக்கே" என்று அப்போது பலர் எழுதினார்கள். நடந்தது வேறு. குழந்தைகள் குறைவாக இருந்தும், வயதானவர்கள் அதிகமாக இருந்தும் 2010க்குப் பின் மதம் சாராதவர்களின் பங்கு ஏறியது. ஓட்டை எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகிவிட்டது. கிறித்தவத்தில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் எதிராக, அதில் பிறந்து வளர்ந்த மூன்று பேர் வெளியேறுகிறார்கள் என்கிறது 2025 அறிக்கை. இஸ்லாத்திலும் இந்து மதத்திலும் அப்படிப்பட்ட வெளியேற்றம் எண்களில் தெரியவில்லை. அதற்கு நம்பிக்கையின் பலம் ஒரு காரணமாக இருக்கலாம். வெளியேறுவதைச் சட்டமோ குடும்பமோ அனுமதிக்காத நாடுகள் இருப்பதும், சாதி போல மதமும் பிறப்போடு ஒட்டிய அடையாளமாக எழுதப்படுவதும் இன்னொரு காரணம்.

ஏன் வெளியேறுகிறார்கள்? அறிவியல் படித்ததால் என்பது எல்லோரும் சொல்லும் காரணம். நான் அதை அவ்வளவாக நம்புவதில்லை. ராக்கெட் விடும் முன் திருப்பதி போகும் விஞ்ஞானிகளை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இதைவிட வலுவான விளக்கத்தை 2004இல் ரொனால்ட் இங்கிள்ஹார்ட், பிப்பா நோரிஸ் என்ற இரண்டு அரசியல் ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள்: பயம் குறைந்தால் பக்தி தளர்கிறது. பிள்ளை பிழைக்குமா, மழை பெய்யுமா, வயதான காலத்தில் கஞ்சி ஊற்ற ஆளிருக்குமா என்ற பயம். மருத்துவம், ஓய்வூதியம், வேலையிழப்பு உதவித்தொகை எல்லாவற்றையும் அரசு பார்த்துக்கொள்ளும் ஊரில் வளர்கிற தலைமுறை, வேண்டுதல் வைக்கும் பழக்கத்தை மெல்ல விட்டுவிடுகிறது. ஸ்வீடன், டென்மார்க் பக்கம் நடந்தது இதுதான் என்பது அவர்கள் வாதம். அமெரிக்கா பணக்கார நாடாக இருந்தும் பக்தி குறையாமல் இருந்ததற்கும் இதையே சொன்னார்கள்: அங்கே வேலை போனால் மருத்துவக் காப்பீடும் போய்விடும், பயம் தீரவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, ஒருவர் நாற்பது வயதில் திடீரென்று நாத்திகர் ஆவது குறைவு. பாட்டி வாரம் தவறாமல் போவார். அம்மா பண்டிகைக்குப் போவார். மகள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போவாள். பேத்திக்கு அங்கே என்ன பாட வேண்டும் என்றே தெரியாது. சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்து யோர்க் ஷ்டோல்ஸும் கூட்டாளிகளும் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளின் தரவுகளை வைத்து 2025இல் இதற்கு ஒரு வரிசை சொன்னார்கள். முதலில் வழிபாட்டுக்குப் போவது குறையும். அப்புறம் மதம் முக்கியம் என்ற எண்ணம் குறையும். கடைசியில்தான் "நான் இன்ன மதம்" என்று சொல்வது நிற்கும்.

அயர்லாந்தை வைத்துப் பார்த்தால் இந்த வரிசை கண்முன்னே தெரியும். 1970களின் தொடக்கத்தில் அங்கே கத்தோலிக்கர்களில் பத்தில் ஒன்பது பேர் வாராவாரம் பூசைக்குப் போனார்கள். 1979இல் போப் இரண்டாம் ஜான் பால் டப்ளினின் ஃபீனிக்ஸ் பூங்காவில் பூசை வைத்தபோது பத்து லட்சத்துக்கு மேல் கூடியது. நாட்டின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு. பிறகு பொருளாதாரம் வளர்ந்தது. பாதிரியார்களின் பாலியல் குற்றங்களும், சபை நடத்திய விடுதிகளில் பிள்ளைகள் பட்ட கொடுமைகளும், அவற்றைத் திருச்சபை மூடி மறைத்த கதையும் அடுத்தடுத்து வெளிவந்தன. 2009இல் மட்டும் இரண்டு பெரிய விசாரணை அறிக்கைகள். 2015இல் ஒருபால் திருமணத்துக்கு 62 சதவீதம் பேர் ஆதரவாக வாக்களித்தார்கள். 2018 மே மாதம் கருக்கலைப்புத் தடையை நீக்க 66 சதவீதம் பேர். அதே ஆண்டு ஆகஸ்டில் போப் பிரான்சிஸ் அதே ஃபீனிக்ஸ் பூங்காவுக்கு வந்தார். ஐந்து லட்சம் அனுமதிச் சீட்டு கொடுத்திருந்தார்கள். வந்தவர்கள் ஒன்றரை லட்சத்தை ஒட்டித்தான். இவ்வளவுக்குப் பிறகும் 2022 கணக்கெடுப்பில் 69 சதவீத ஐரிஷ் மக்கள் 'கத்தோலிக்கர்' என்ற கட்டத்தில்தான் குறியிட்டார்கள். பெயர் கடைசியாகத்தான் போகும்.

எதிர்த்திசைப் பயணமும் உண்டு. மாஸ்கோவில் மீட்பர் கிறிஸ்து பேராலயத்தை 1931இல் ஸ்டாலின் ஆட்சி வெடிவைத்துத் தகர்த்தது. அந்த இடத்தில் சோவியத் மாளிகை ஒன்றைக் கட்டத் திட்டம், முடியவில்லை. கடைசியில் அஸ்திவாரக் குழியில் தண்ணீர் நிரப்பி 1960இல் திறந்தவெளி நீச்சல் குளமாக்கினார்கள். மாஸ்கோக்காரர்கள் பனிக்காலத்திலும் ஆவி பறக்கும் வெந்நீரில் அங்கே நீந்தினார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்ததும் குளத்தை மூடி, அதே இடத்தில் பழைய வடிவிலேயே பேராலயத்தை எழுப்பி 2000இல் திறந்தார்கள். தங்களை ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர் என்று சொன்ன ரஷ்யர்கள் 1991இல் 31 சதவீதம், 2008இல் 72. மதம் திரும்பி வந்துவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா? மாதத்துக்கு ஒரு முறையாவது வழிபாட்டுக்குப் போகிறவர்கள் 2இலிருந்து 7 சதவீதமாகத்தான் ஏறினார்கள். அங்கே திரும்பி வந்ததில் பெரும் பகுதி தேசிய அடையாளம். அயர்லாந்தில் பெயர் மிஞ்சி நிற்கிறது, ரஷ்யாவில் பெயர் முதலில் வந்திருக்கிறது. இரண்டு ஊரிலும் வழிபாட்டு இருக்கைகள் பெரும்பாலும் காலி.

அரசியலில் மதத்தின் சத்தம் கூடுவதை வைத்து மக்களின் பக்தி கூடுகிறது என்று முடிவு கட்டுவது பலரும் செய்யும் தவறு. இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியா 1930களில் அருங்காட்சியகமாக்கப்பட்டது. 2020இல் மறுபடி பள்ளிவாசலானது. அது துருக்கி அரசு எடுத்த முடிவு. துருக்கி இளைஞர்கள் தங்கள் பெற்றோரைவிட அதிகம் தொழுகிறார்களா என்பதை அந்தக் கட்டடம் சொல்லாது. பல சமயம் கூட்டம் குறையும்போதுதான் ஒலிபெருக்கியின் சத்தம் கூடும். அமெரிக்காவில் மத அரசியல் வலுத்த அதே ஆண்டுகளில்தான் சபைகள் வேகமாகக் காலியாயின.

இங்கிள்ஹார்ட் 2020இல், இறப்பதற்கு முந்தைய ஆண்டில், தன் நீண்ட காலத் தரவுகளை மறுபடி புரட்டினார். 49 நாடுகள். 1981க்கும் 2007க்கும் இடையே அவற்றில் 33 நாடுகளில் மதப்பற்று கூடியிருந்தது. 2007க்குப் பின் 2019 வரை 43 நாடுகளில் குறைந்திருந்தது. குறைவு பணக்கார நாடுகளோடு நிற்கவில்லை. எதிர்த்திசையில் போன சொற்ப நாடுகளில் மிகப் பெரியது இந்தியா. வேகமாகச் சரிந்தது, யாரும் அசையாது என்று நினைத்திருந்த அமெரிக்கா.

என் கணிப்பைக் கேட்டால், இப்போதைக்கு நாடுகளை எண்ணினால் மதப்பற்று குறைகிறது. தலைகளை எண்ணினால் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறது. நீண்ட காலத்தில் ஓட்டைதான் குழாயை வெல்லும் என்று நினைக்கிறேன். காரணம், பிறப்பு விகிதம் ஆப்பிரிக்காவிலும் இறங்கத் தொடங்கிவிட்டது. ஈரானில் 1980களில் ஒரு பெண்ணுக்கு ஆறு குழந்தைக்கு மேல் இருந்தது, இருபது ஆண்டுக்குள் இரண்டுக்குக் கீழே போய்விட்டது. அதுவும் மதகுருமார்களின் ஆட்சியிலேயே. ஆனால் இது கணிப்புதான். பெர்கரைப் போன்றவரே இரண்டு முறை கணித்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதைச் சோதித்துப் பார்க்க இப்போது நல்ல இடம் அமெரிக்கா. பியூ மையத்தின் ஆய்வுப்படி, 2007இல் 78 சதவீதமாக இருந்த கிறித்தவர்கள் 2023-24இல் 62 ஆகியிருந்தார்கள். ஆனால் 2020ஐ ஒட்டி அந்தச் சரிவு நின்றுவிட்டது. மதம் சாராதவர்களும் 29 சதவீதத்தை ஒட்டி அப்படியே நிற்கிறார்கள். மறுமலர்ச்சி வந்துவிட்டது என்று சபைகளில் உற்சாகமாகப் பேசுகிறார்கள். அதே ஆய்வில் வயதுவாரிக் கணக்கும் இருக்கிறது: 74 வயதை எட்டியவர்களில் கிறித்தவர்கள் 80 சதவீதம், 18 முதல் 24 வயதுக்குள் இருப்பவர்களில் 46. அந்த 46, கல்யாணமும் பிள்ளையும் ஆன பிறகு மேலே ஏறினால்தான் இப்போதைய சமநிலை தாங்கும். அண்மைப் பத்தாண்டுகளில் எந்தத் தலைமுறையும் வயதாக ஆக அப்படி ஏறியதில்லை.